பீ பஃபர் குஞ்சுக்கு ஆர்ட்டீமியா முட்டை: தகர டப்பாவா, லூஸ் பாக்கெட்டா, ஓடு நீக்கியதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தொட்டியில் பீ பஃபரை முட்டை போட வைத்துக் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கும் எண்ணம் இருந்தால், சீல் வைத்த தகர டப்பாவில் வரும் கிரேட் சால்ட் லேக் ஆர்ட்டீமியா முட்டையை வாங்குங்கள். ஆர்ட்டீமியா என்பது உப்பு நீரில் வாழும், இறால் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர், அதன் முட்டையைப் பொரித்துத்தான் மீன் குஞ்சுக்குத் தீனியாகக் கொடுப்போம். டப்பா ஒன்று சில ஆயிரம் ரூபாய் ஆகும், விலை அதிகம்தான். ஆனால் இந்த வேலையில் காசு போட வேண்டிய இடம் அதுதான். தொட்டி, விளக்கு, ஃபில்டர் இதிலெல்லாம் சிக்கனம் பிடித்துக்கொள்ளலாம், குஞ்சுத் தீனியில் பிடித்தால் குஞ்சு மிஞ்சாது. ஜிப் கவரில் பிரித்துப் போட்டு விற்கும் லூஸ் முட்டையை நம்ப முடியாது. ஓடு நீக்கிய முட்டை என்று ஒன்று விற்கிறார்களே, அது கப்பிக்குச் சரி, பஃபர் குஞ்சுக்கு உதவாது. மூன்றையும் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பீ பஃபர் என்பது நம் கடற்கரையில் பேத்தை என்று சொல்லும் மீனின் நன்னீர் உறவு. வளர்ந்தாலும் 3 செ.மீ. பக்கம்தான் இருக்கும், பஃபர் மீன்களிலேயே மிகச் சிறிய வகைகளில் ஒன்று. கேரளத்தின் பம்பை ஆறு, சாலக்குடி ஆறு, வேம்பநாட்டுக் காயல் என்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம்தான் இதற்கு ஊர். 1941-இல் ஹோராவும் நாயரும் இதை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தார்கள், திருவிதாங்கூரை வைத்து ‘டிராவங்கோரிகஸ்’ என்று பெயரும் வைத்தார்கள். உலகம் முழுக்க மீன் கடைகளில் விற்கிற பீ பஃபரில் பெரும்பகுதி இன்றைக்கும் ஆற்றிலிருந்தும் காயலிலிருந்தும் பிடித்து வருவதுதான். உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்-இன் சிவப்புப் பட்டியலில் அபாயத்துக்கு ஆளாகக்கூடிய இனம் என்று இது இருக்கிறது. கப்பியையும் மோலியையும் பண்ணையில் லட்சக்கணக்கில் இனப்பெருக்கம் செய்கிறார்கள், இதைப் பொரிக்கும் பண்ணைகள் குறைவு, காரணம் ஒரு பெண் மீன் ஒரு தடவைக்குச் சில முட்டைகள்தான் போடும், குஞ்சு உயிருள்ள தீனி கேட்கும், கொஞ்சம் வளர்ந்ததும் ஒன்றை ஒன்று கடிக்கும். பண்ணைக் கணக்குக்கு இது கட்டுப்படியாகாது. அதனால்தான் வீட்டில் நாலு பேர் செய்தாலும் அது மதிப்புள்ள வேலை என்று நான் நினைக்கிறேன். நம்மிடம் வளர்ந்த குஞ்சை நண்பர் ஒருவர் வாங்கிப் போனால் ஆற்றில் அந்த அளவுக்குக் குறைவாக வலை விழும்.

முட்டை போட வைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது சிரமமான பகுதி இல்லை. ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருந்தால் நல்லது. ஆணுக்கு வயிற்றின் நடுவில் கருப்பாக ஒரு கோடு ஓடும், கண்ணுக்குப் பின்னால் சுருக்கம் போன்ற கோடுகள் தெரியும், உடம்பு ஒல்லி. பெண் உருண்டையாக இருக்கும். தண்ணீர் 26, 27 டிகிரி, செடி அடர்த்தியாக, முக்கியமாக ஜாவா மாஸ் என்ற பாசிச் செடி கொத்துக் கொத்தாக. தீனிக்கு நத்தை, பிளட் வார்ம், மொய்னா என்ற நீர்த்தெள்ளு. ட்யூபிஃபெக்ஸ் புழு மலிவாகக் கிடைக்கிறதே என்று போடாதீர்கள், அது வரும் இடம் பெரும்பாலும் சாக்கடை. கடையில் வாங்கும் பஃபர் ஆற்றிலிருந்து வந்தது என்பதால் வயிற்றில் புழு இருக்க வாய்ப்பு அதிகம். நன்றாகச் சாப்பிட்டும் வயிறு ஒட்டியே இருந்தால் லெவமிசோல் என்ற குடற்புழு மருந்து போட்டுச் சுத்தம் செய்துவிட்டுத்தான் இனப்பெருக்கம் பற்றி யோசிக்க வேண்டும்.

நல்ல தீனி கொடுத்து வந்தால் ஆண் ஒருநாள் பெண்ணைத் துரத்தத் தொடங்கும். சண்டை என்று பயந்து பிரித்துவிடாதீர்கள். பெண்ணுக்கு விருப்பம் இருந்தால் மாஸுக்குள் போகும், ஆணும் பின்னாலேயே போய் ஒட்டிக்கொண்டு நிற்கும், சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே பெரியது, கண்ணாடி மாதிரித் தெளிவானது, மாஸ் இடுக்கில் விழுந்து கிடக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். தொட்டியிலேயே விட்டால் மற்ற மீன்கள் தின்றுவிடும், அதனால் இங்க் ஃபில்லரால் உறிஞ்சி எடுத்துத் தனியாக ஒரு டப்பில், அதே தொட்டித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். மாஸ் கொத்தை அப்படியே தூக்கி மாற்றுகிறவர்களும் உண்டு, அதுவும் சரிதான். வெள்ளையாகிப் போன முட்டையை உடனே எடுத்துவிடுங்கள், பூஞ்சை பக்கத்து முட்டைக்குத் தாவும். 27 டிகிரியில் ஏறக்குறைய 5 நாளில் பொரிந்துவிடும்.

இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. பொரிந்த குஞ்சு இரண்டு மூன்று நாள் வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவை வைத்தே ஓட்டிவிடும், அடியில் அசையாமல் கிடக்கும். அப்புறம் பசிக்கும். பஃபர் குஞ்சு முதல் நாளிலிருந்தே வேட்டையாடும் மீன். கண் இரண்டும் தனித்தனியாகச் சுழலும், எதிரில் ஏதாவது அசைந்தால் நின்று உற்றுப் பார்க்கும், அப்புறம்தான் கொத்தும். அசையாத எதுவும் அதன் கணக்கில் தீனியே இல்லை. பவுடர் தீனி, முட்டை மஞ்சள் கரைசல், நுணுக்கிய பெல்லட் எதைப் போட்டாலும் திரும்பிப் பார்க்காது. அது அடியில் அழுகி, தண்ணீர் கெட்டு, குஞ்சு செத்துப்போகும். ‘முட்டை எல்லாம் நன்றாகப் பொரிந்தது, ஒரு வாரத்தில் ஒன்றுகூட இல்லை’ என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் நடந்தது இதுதான். முதல் சில நாளைக்கு இன்ஃபுசோரியா என்ற நீர் நுண்ணுயிர்களையோ வினிகர் ஈல் என்ற நுண்புழுவையோ கொடுக்கலாம், வாய் மிகச் சிறிதாக இருக்கும் குஞ்சுக்கு அது தேவை. அதற்கு அடுத்த வாரங்கள் முழுக்க ஆர்ட்டீமியாதான் தாங்க வேண்டும், அப்போதே பொரிந்த, நீந்துகிற ஆர்ட்டீமியா.

சரி, டப்பாவுக்கு வருவோம்.

கிரேட் சால்ட் லேக் என்பது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் உப்பு ஏரி. குளிர்காலம் வரும்போது அங்குள்ள ஆர்ட்டீமியா கெட்டி ஓடு போட்ட முட்டைகளை இடும், அவை தண்ணீர்மேல் பழுப்பு நிறப் பட்டையாக மிதக்கும். சிறு விமானத்தில் பறந்து பட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் படகுக்குச் சொல்வார்களாம், படகு போய் அள்ளும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை அறுவடை. அள்ளியதைக் கழுவி, உலர்த்தி, காற்றை எடுத்துவிட்டு டப்பாவில் அடைக்கிறார்கள். ஆர்ட்டீமியா நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் இருக்கிறது. ஆனால் மீன் கடைக்கு வந்து சேருவது பெரும்பாலும் இந்த மாதிரி வெளியூர்ச் சரக்குத்தான்.

நான் வாங்குவது 425 கிராம் டப்பா. திறந்தால் நைசாக அரைத்த காப்பித்தூள் மாதிரி இருக்கும், மெல்லிசாகக் கடல் வாடை வரும். விரலில் எடுத்துத் தேய்த்தால் ஒட்டாமல் உதிர வேண்டும், கட்டியாக இருந்தால் ஈரம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கிராமில் இரண்டரை லட்சம் முட்டை பக்கம் இருக்கும் என்பதால் டப்பா சின்னதாகத் தெரிந்தாலும் பஃபர் குஞ்சுக்கு ஒரு வேளைக்குத் தேவைப்படுவது ஒரு சிட்டிகைதான். விலையைப் பார்த்து மலைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முழு டப்பாவும் தீருவதற்குள் பல ஈடு குஞ்சுகளை வளர்த்துவிடலாம்.

பொரிக்கும் முறை: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, மூடி கீழே வரும்படி தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல் உப்பு. ஏர் பம்ப்பின் குழாயை அடிவரை விட்டுப் பெரிய குமிழியாக ஓட விடுங்கள். ஏர் ஸ்டோன் வேண்டாம், நுரை தள்ளி முட்டையெல்லாம் பாட்டில் சுவரில் ஏறி ஒட்டிக்கொள்ளும், ஒட்டியது பொரியாது. அரை டீஸ்பூனுக்கும் குறைவாக முட்டை. மேலே ஒரு விளக்கு எரியட்டும், தொடக்கத்தில் வெளிச்சம் பட்டால்தான் முட்டைக்குள் வேலை ஆரம்பிக்கும். 25 முதல் 28 டிகிரி இருந்தால் நல்ல முட்டை ஒரு நாளில் பொரிந்துவிடும். சென்னையில் ஹீட்டர் தேவையே இல்லை, மே மாதம்தான் தலைவலி, தண்ணீர் அதிகமாகச் சூடேறினால் பொரிப்பு குறைகிறது, அந்த நாட்களில் பாட்டிலை வீட்டின் குளிர்ந்த மூலைக்கு மாற்ற வேண்டும். போர் தண்ணீர் கடினமாக இருக்கும் ஏரியா என்றால் அதையே பயன்படுத்துங்கள், ஆர்ட்டீமியாவுக்கு பிஎச் 8-க்குமேல் இருப்பதுதான் பிடிக்கும். ஆர்ஓ தண்ணீர் என்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட வேண்டும்.

தகர டப்பா முட்டையின் அருமை மறுநாள் காலையில் தெரியும். பழுப்பாக இருந்த தண்ணீர் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருக்கும். ஏர் பம்ப்பை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் காலி ஓடு மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் படியும், உயிருள்ளவை அதற்குச் சற்றுமேலே மேகமாகத் திரளும். பாட்டிலின் கீழ்ப்பக்கம் ஒரு டார்ச் வைத்தால் வெளிச்சத்தைத் தேடி அங்கேயே கூடிவிடும். ஏர் குழாயால் அந்த ஆரஞ்சு மேகத்தை மட்டும் இழுத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டால் தீனி தயார். நல்ல டப்பாவில் அடியில் படியும் முட்டை மிகக் குறைவு, அதனால் பிரித்தெடுப்பது இரண்டு நிமிட வேலை. மட்டமான முட்டையில் பாதிக்குமேல் அடியில் படிந்து, இழுக்கும்போது சேர்ந்து வந்துவிடும், குஞ்சுத் தொட்டிக்குள் போய்ப் பூஞ்சை பிடிக்கும். பொரிப்பு விகிதம் என்று டப்பாவில் 90 சதவீதம், 80 சதவீதம் என்று போட்டிருப்பதற்கு என் அனுபவத்தில் இதுதான் பொருள்: வித்தியாசம் தீனியின் அளவில் மட்டும் வருவதில்லை, தண்ணீரின் சுத்தத்தில் வருகிறது.

பொரிந்ததை உடனே கொடுத்துவிட வேண்டும். பொரிந்த புதிதில் ஆர்ட்டீமியாவின் உடம்பில் மஞ்சள் கரு அப்படியே இருக்கும், சத்து முழுக்க அதில்தான். எட்டு மணி நேரம் போனால் சட்டை உரித்து அடுத்த நிலைக்குப் போய்விடும், சொந்தச் சேமிப்பைச் செலவழிக்கத் தொடங்கிவிடும், அளவும் பெரிதாகும், சின்ன வாய்க்குள் நுழையாது. அதனால் ஒரே பாட்டிலில் நிறையப் பொரித்து இரண்டு நாளைக்கு ஓட்டுவதைவிட, இரண்டு பாட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றிப் பொரிப்பதுதான் நல்லது.

குஞ்சு சாப்பிடுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். இங்க் ஃபில்லரால் சில துளி விட்டதும் தூக்கத்தில் இருப்பது போலக் கிடந்த குஞ்சு தலையை நிமிர்த்தும். கண் ஆர்ட்டீமியாவைத் தொடரும். வாலை ஒருபக்கம் மடக்கிக் கொஞ்சம் பின்வாங்கி, டக்கென்று முன்னே பாயும். நாலைந்து தடவை தவறவிடும், பிடித்த பிறகு அசராமல் அடுத்ததைப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் அதன் வயிறு ஆரஞ்சாகத் தெரியும், உடம்பு இன்னும் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக இருப்பதால் வெளியிலிருந்தே தெரிந்துவிடும். ஆரஞ்சு வயிறு இல்லாத குஞ்சு எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பக்கத்தில் போய் விட வேண்டும். நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரம்தான் உயிரோடிருக்கும், அதற்குள் சாப்பிடாதது செத்து அடியில் விழும், அதை அன்றைக்கே ஏர் குழாயால் இழுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக.

இப்போது லூஸ் பாக்கெட். சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் நான் வாங்கியது 50 கிராம் ஜிப் கவர். கடைக்காரர் பெரிய டப்பாவிலிருந்து பிரித்துப் போட்டு வைத்திருந்தார், கவரில் தேதியோ பெயரோ எதுவும் இல்லை. ‘அதே சரக்குதான் சார், 90 பர்சென்ட் வரும்’ என்றார். அதே பாட்டில், அதே உப்பு, அதே வெளிச்சத்தில் வைத்தேன். மறுநாள் தண்ணீர் பழுப்பாகவே இருந்தது, அதற்கு அடுத்த நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆரஞ்சுப் புள்ளிகள், அடியில் தடிமனாகப் படிவு. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். இந்த முட்டை உலர்ந்த நிலையில்தான் உறங்கும். கடலோர ஊரில், மீன் தொட்டிகளுக்கு நடுவே இருக்கும் கடையில், ஒரு நாளைக்குப் பத்து தடவை திறந்து மூடும் டப்பாவுக்குள் ஈரப்பதம் புகாமல் எப்படி இருக்கும்? பாதி விழித்துப் பொரியாமலே செத்துப்போகும். நேர்மையான கடையிலும் இது நடக்கும். கப்பி வளர்ப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை, அன்றைக்கு வேறு தீனி போட்டுக்கொள்வார். பஃபர் குஞ்சுக்கு இரண்டு நாள் தீனி இல்லை என்றால் அந்த ஈடே போய்விடும். லூஸில் வாங்கியே ஆக வேண்டும் என்றால், மீன் முட்டை போடுவதற்கு முன்பே ஒரு சிட்டிகையைப் பொரித்துப் பார்த்துவிடுங்கள்.

ஓடு நீக்கிய முட்டை பற்றி. ப்ளீச் கரைசலில் வெளி ஓட்டைக் கரைத்துவிட்டு உலர்த்தி விற்பது. ஓடு குஞ்சின் வயிற்றில் சிக்காது, பொரிக்கும் வேலையும் இல்லை, எடுத்து அப்படியே தூவலாம் என்பதுதான் விளம்பரம். எல்லாம் உண்மைதான். கப்பிக் குஞ்சுக்கும் டெட்ராவுக்கும் நான் இன்றும் அதைத்தான் போடுகிறேன். ஆனால் உலர்த்தி விற்கிற இந்த முட்டை பொரியாது, அசையாது. பஃபர் குஞ்சு அருகில் வந்து பார்க்கும், ஒரு கண்ணைத் திருப்பி இன்னொரு முறை பார்க்கும், போய்விடும். ஸ்பான்ஜ் ஃபில்டரின் ஓட்டத்தில் கொஞ்சம் அசைந்தால் சில குஞ்சு கொத்தும், நம்பி வளர்க்கிற அளவுக்கு இல்லை. ஃப்ரோசன் கட்டியாக வரும் குட்டி ஆர்ட்டீமியாவுக்கும் இதே தீர்ப்புத்தான். அதற்கு மேல் மின்வெட்டுக் கவலை வேறு.

தகர டப்பாவில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. திறந்த பிறகு அதன் பிளாஸ்டிக் மூடி பெயருக்குத்தான், ஈரத்தைத் தடுக்காது. திறந்த அன்றே சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்களில் பிரித்து, இறுக மூடி, சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றைக் கூடப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வெளியே எடுத்த பாட்டிலை அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும், குளிர்ந்திருக்கும்போதே திறந்தால் உள்ளே வியர்த்துவிடும். சிறிய டப்பா எளிதில் கிடைப்பதில்லை என்பது இரண்டாவது குறை. மூன்றாவது, கடைகளில் தயாரிப்புத் தேதி பார்க்காமலே விற்கிறார்கள். டப்பாவின் அடியில் அச்சடித்திருக்கும் தேதியை நீங்கள்தான் புரட்டிப் பார்க்க வேண்டும், தகரத்தில் நசுங்கல் இருந்தால் வேறு டப்பா கேளுங்கள், சீல் விட்டிருக்கலாம்.

மைக்ரோவார்ம் என்ற நுண்புழு மட்டும் போதாதா என்று கேட்பார்கள். துணைக்கு நல்லது, நெளிந்துகொண்டே இருக்கும், விலையும் ஒன்றுமில்லை, ஓட்ஸ் கஞ்சியில் வீட்டிலேயே வளரும். ஆனால் அது அடியில் போய்க் கிடக்கும், அதை மட்டுமே தின்ற குஞ்சு என்னிடம் மெதுவாகத்தான் வளர்ந்தது. குஞ்சு சற்று வளர்ந்த பிறகு மொய்னா அருமையான தீனி, அப்போதைக்கு ஆர்ட்டீமியாவைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ராம்ஸ்ஹார்ன் நத்தையின் குட்டிகள். அந்தக் கட்டத்தில் அளவு பார்த்துக் குஞ்சுகளைப் பிரிக்க ஆரம்பித்துவிடுங்கள், வேகமாக வளர்ந்தது மெலிந்ததன் வால் துடுப்பைக் கடித்துக்கொண்டே இருக்கும். மாஸ் நிறைய இருந்தால் கொஞ்சம் தாமதமாகப் பிரிக்கலாம்.

ஒரே ஒரு ஜோடி வைத்திருக்கிறீர்கள், முட்டை போடுமா என்றே தெரியவில்லை என்றால் டப்பாவுக்கு இப்போது செலவு செய்யாதீர்கள், முதல் முட்டையைப் பார்த்த அன்று வாங்கினாலே போதும், பொரிந்து மஞ்சள் கரு தீர ஒரு வாரம் கையில் இருக்கிறது. கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தேதியெல்லாம் நிதானமாகப் பார்க்க விடமாட்டார்கள், வார நாளில் போங்கள். பஃபரோ ஃபைட்டரோ பொரிக்கிற நண்பர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் சேர்ந்து ஒரு டப்பா வாங்கி, திறந்த அன்றே எடை போட்டுப் பிரித்துக்கொள்வதுதான் எங்கள் பழக்கம், ஆளுக்கு நூறு கிராம் சொச்சம் வருகிறது, ஒருவருக்கு அது மாதக்கணக்கில் போதும்.